சுருட்டுப்பெட்டி கிட்டார்: ஆயிரம் ரூபாய்க்குள் முடியுமா, உப்புக்காத்துக்குத் தாங்குமா?

பாம்பன் இளையவன்

அண்ணன்மாருக்கு வணக்கம். மூணு கம்பி வச்ச சுருட்டுப்பெட்டி கிட்டார் ஒண்ணு செய்யணும். செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. கையில் இருப்பது கைரம்பம், ஹாக்ஸா, டிரில், அரம், ஒரு உளி. இழைப்புளி இல்லை, மரவாடியில் இழைச்சு வாங்கிக்கலாம்.

சுருட்டு வர்ற மரப்பெட்டி இந்தப் பக்கம் கண்ணுலயே படலை. பதிலுக்கு என்ன பெட்டி எடுக்கலாம்? கழுத்துக்கு என்ன மரம், என்ன அளவு? பழைய வள்ளப் பலகை சும்மாவே கிடைக்குது, அது ஆகுமா? முக்கியமான சந்தேகம் கம்பியில. இங்கே இரும்பு எதுவும் ஒரு மழைக்காலம் தாண்டுறதில்லை. கிட்டார் கம்பிக்குப் பதிலா வலைக்குப் போடுற தங்கூசி கட்டினா சுருதி நிக்குமா? கழுத்துல குறுக்கே வர்ற மெட்டு ('ஃப்ரெட்') வைக்கிறது எப்படி? அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

உச்சிப்புளி தச்சன்

தம்பி, மொதல்ல பெட்டி. சத்தம் போடுறது மூடிப்பலகைதான். பக்கச் சட்டமும் அடிப்பலகையும் அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் இருக்கு. அதனால சுருட்டுப்பெட்டியேதான் வேணும்னு இல்லை. 25 செ.மீ. நீளம், 18 அகலம், 6 செ.மீ. ஆழம், இதை ஒட்டி எந்த மரப்பெட்டி கிடைச்சாலும் எடு. மரத்துல செஞ்ச பழைய அஞ்சறைப்பெட்டி ரொம்ப நல்லா வரும். உள் தடுப்பைக் கழட்டிட்டு, தடிச்ச மூடியை ஒதுக்கிட்டு, 4 மி.மீ. பிளைவுட்டை வெட்டி மூடியாப் போடு. பரிசுப்பொருள் வர்ற, மரநாரை அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப். பெட்டி பார்க்க அழகா இருக்கும், ஆனா வேண்டாம். ஐப்பசி ஈரத்துல விளிம்பு ஊதிப் பிளந்துடும், திருகாணியும் பிடிக்காது. பிளைவுட் வாங்குறப்ப ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாரு. அதுதான் மரைன் பிளை. முழுத் தாள் வாங்காதே, கடையில வெட்டுத்துண்டு கேளு, ஒரு அடித் துண்டே மிஞ்சும்.

வள்ளப் பலகையைத் தொடாதே. உப்பு ஊறின மரம் எத்தனை மாசம் நிழல்ல கிடந்தாலும் முழுசாக் காயாது. காத்துல இருக்கிற ஈரத்தை உப்பு திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டே இருக்கும். அதுல இறக்கின திருகாணி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பனஞ்சட்டம் பலமானதுதான், ஆனா நார் நாராச் சிலும்பும். கை ஓடுற இடத்துல சிராம்பு ஏறுற மரத்தை வைக்கக் கூடாது.

கழுத்துக்குத் தேக்கு ரீப்பர், 3 அடி. இரண்டுக்கு ஒண்ணு அங்குலச் சட்டம் வாங்கி 38 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனமா இழைச்சுத் தரச் சொல்லு. எடுக்கிறப்ப ஒரு முனையைக் கண்ணுக்கிட்ட வச்சு, மறுமுனை வரைக்கும் குறி பார்க்கிற மாதிரி பாரு. கோணல், முறுக்கல், முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது. ரேகை நீளவாட்டில் நேரா ஓடணும். வெளுத்த ஓரம் இருக்கிற துண்டை ஒதுக்கு. வீட்டுக்குள்ள இரண்டு வாரம் கிடத்திட்டு மறுபடி குறி பார்த்து, அப்புறம்தான் வெட்டணும். வளையுற கட்டை அந்த இரண்டு வாரத்துலயே காட்டிக் கொடுத்துடும்.

இப்ப அளவு. தலை முனையிலேர்ந்து 140 மி.மீ.ல ஒரு கோடு. அது மேல்குதிரை, அதாவது கிட்டார்காரங்க 'நட்'டுன்னு சொல்றது. போல்ட் நட்டோட குழம்பாம இருக்க நான் மேல்குதிரைன்னே சொல்றேன். 740ல இன்னொரு கோடு, அது குதிரை, பெட்டி மேல கம்பியைத் தாங்குற 'பிரிட்ஜ்'. இரண்டுக்கும் நடுவுல 600. பெட்டி 565ல ஆரம்பிச்சு 815ல முடியும். பின்னால 25 மி.மீ. வால் நீட்டிக்கிட்டு இருக்க 840ல அறுத்துடு. கழுத்துக்கட்டை பெட்டிக்குள்ள இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளியே வரணும். கம்பியோட இழுவை முழுக்கக் கட்டையிலயே தங்கும், பெட்டி மேல ஏறாது. கழுத்தைப் பெட்டி விளிம்புல மட்டும் ஒட்டினா ஒரு மாசத்துல பிடுங்கிக்கிட்டு வந்துடும்.

பெட்டியோட இரண்டு முனைச் சட்டத்துலயும் 38 அகலம், 20 ஆழம் காடி வெட்டு. கட்டையோட மேல்பக்கம் பெட்டி விளிம்போட ஒரே மட்டத்துல உட்காரணும். அதுக்கு மேல மூடி 4 மி.மீ. அப்போ வெளியே இருக்கிற கழுத்து மூடியைவிட 4 மி.மீ. பள்ளத்துல நிக்கும். அதைச் சரிக்கட்ட 6 மி.மீ. கனம், 425 மி.மீ. நீளத்துல ஒரு மரப்பட்டியலை மேல்குதிரைக் கோட்டுலேர்ந்து பெட்டி விளிம்பு வரைக்கும் கழுத்து மேல ஒட்டணும். இந்தப் பட்டியல்தான் விரல்பலகை. கட்டை வளையாம இருக்கவும் இது உதவும். மூணு கம்பி கிட்டாருக்கு உள்ளே இரும்புத் தண்டு வைக்கிற வேலை இல்லை.

பலபேரு தவறவிடுற இடம் ஒண்ணு இருக்கு. பெட்டிக்குள்ள ஓடுற கட்டையோட மேல்பக்கத்தை 3 மி.மீ. குடைஞ்சு எடுக்கணும். இரண்டு முனையிலும் 20 மி.மீ. விட்டுட்டு நடுவுல 210 மி.மீ.க்கு. ரம்பத்தால விரல் அகலத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, உளியால தட்டி எடுத்தா சுலபம். இதைச் செய்யலைன்னா மூடி கட்டையோட ஒட்டிக்கிட்டு அசையாது. கம்பியைத் தட்டினா மேசையைத் தட்டுற மாதிரி 'டொக்'குன்னு செத்த சத்தம்தான் வரும்.

தலைப்பகுதியை 20லேர்ந்து 14 மி.மீ.க்கு மேல்பக்கம் இழைச்சு இறக்கு. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற டியூனிங் கீ உட்கார அந்தக் கனம் போதும், கம்பியும் மேல்குதிரையைத் தாண்டினதும் நல்லாச் சாய்ஞ்சு இறங்கும். கீ ஆறு உள்ள செட்டாத்தான் வரும், இடது மூணு, வலது மூணு. ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒண்ணு வை. மிச்சம் மூணு அடுத்த கிட்டாருக்கு ஆகும், இல்லைன்னா கூடச் செய்யுறவரோட பணத்தைப் பாதியாப் பகிர்ந்துக்கலாம். செலவுல பெரிசு கீயும் கம்பியும்தான். துளை போடும் முன்னால கீயோட வர்ற புஷ்ஷை, அதாவது துளையில உட்கார்ற வளையத்தை, அளந்துக்கோ, செட்டுக்குச் செட்டு மாறும்.

வால்ல 12 மி.மீ. இடைவெளியில மூணு துளை, 2 மி.மீ. பிட். கம்பி அடியிலேர்ந்து ஏறி மேல வரும், அதோட குண்டு அடியில மாட்டிக்கும். குண்டு மரத்துக்குள்ள புதையாம இருக்க அடியில பித்தளைத் தகடு ஒண்ணை வச்சுத் துளை போடு. மூடியோட பின்விளிம்புல கம்பி உரசுற இடத்துலயும் ஒரு சின்னத் தகடு வேணும். இல்லைன்னா பிளைவுட்டைக் கம்பி ரம்பம் மாதிரி அறுத்துடும்.

மேல்குதிரைக்கு 6 மி.மீ. போல்ட், குதிரைக்கு 8 மி.மீ. போல்ட், இரண்டும் ஸ்டெயின்லெஸ். விரல்பலகை மூடியைவிட 2 மி.மீ. உசரம். அப்போ இரண்டு முனையிலும் கம்பி விரல்பலகைக்கு 6 மி.மீ. மேல ஒரே மட்டத்துல ஓடும். ஸ்லைடு வச்சு, அதாவது விரல்ல ஒரு குழாயை மாட்டிக் கம்பி மேல வழுக்கி, வாசிக்க அது சரியான உசரம். போல்ட் மரையே கம்பிக்குப் பள்ளமா ஆகிடும், தனியா அராவ வேண்டாம். குதிரையை ஒட்டாதே. கம்பி அழுத்தத்துலயே நிக்கட்டும்.

கீழக்கரை சுருதி

தச்சன் அண்ணன் சொன்ன அளவை வைத்தே கம்பிக் கணக்கைச் சொல்கிறேன். அவர் 600 மி.மீ. என்று வைத்தது நல்லதாகப் போயிற்று, கணக்குச் சுலபம்.

முதலில் எஃகுக் கம்பி. சாதாரண அக்கூஸ்டிக் செட் ஒன்று வாங்கி அதிலிருந்து 5, 4, 3 ஆகிய கம்பிகளை எடுங்கள். 5ஆம் கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்க வேண்டும், 4 டி-யிலேயே இருக்கும், 3 ஜி-யிலேயே இருக்கும். ஜி, டி, ஜி. அதிர்வெண் 98, 147, 196. நம் கணக்கில் இது ஐந்து கட்டைச் சுருதியில் ச, ப, மேல் ச. தம்புரா காதில் பழகியவருக்கு டியூனர் செயலிகூட வேண்டாம். மூன்று கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ இழுக்கும். கழுத்துக்கட்டை பெட்டிக்குள் ஊடுருவிப் போக வேண்டும் என்று அண்ணன் அழுத்திச் சொன்னது அதனால்தான்.

இந்த மூன்றும் சுற்றுக்கம்பிகள். மேலே வெண்கலச் சுற்று, உள்ளே எஃகு. உப்புக்காற்று சுற்றின் இடுக்கில் புகுந்து உள் எஃகைத்தான் பிடிக்கும். துரு கண்ணுக்குத் தெரியும் முன்பே ஒலி மங்கி, பஞ்சு மாதிரி ஆகிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஜன்னலோரம் தொங்கவிடாமல் ஜிப் உள்ள பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இவ்வளவு செய்தாலும் பாம்பன், மண்டபம் போல இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் உள்நாட்டைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

இனி தங்கூசி. தாராளமாக ஆகும். தங்கூசியும் நைலான், கிளாசிக்கல் கிட்டாரின் மெல்லிய கம்பிகளும் பெரும்பாலும் நைலான்தான். ஆனால் எஃகுக்கு வைத்த அதே சுருதியை இதற்கு வைக்க முடியாது. நைலான் எடை குறைந்த பொருள். 98 அதிர்வெண்ணுக்கு அதை இறக்கி, விரலுக்கு வேண்டிய விறைப்பும் வேண்டுமென்றால் 2 மி.மீ. கனம் போட வேண்டும். அது கயிறு மாதிரி மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். 1.0 மி.மீ. தங்கூசிக்கு ஜி 196, 0.7 மி.மீ.க்கு டி 294, 0.5 மி.மீ.க்கு மேல் ஜி 392. ஒவ்வொன்றும் ஐந்து கிலோவை ஒட்டி இழுக்கும், மூன்றும் சேர்ந்து 16 கிலோவுக்குள். எஃகில் பாதிதான். கழுத்து வளையும் பயமும் பாதியாகிறது.

வலையிலிருந்து அறுத்த பழைய தங்கூசி வேண்டாம். வெயில் நைலானை நொய்ய வைக்கும். முடிச்சுத் தழும்பும் பாறையில் உரசிய கீறலும் இருக்கும். ஓரிடத்தில் கனம் குறைந்தாலும் மெட்டுக்கு மெட்டு சுருதி பிசகும். புதுச் சுருளில் வெட்டி வாங்குங்கள். கட்டும் முன் விரல் நுனியில் மெதுவாக உருவிப் பாருங்கள், கீறல் இருந்தால் நகத்தில் தட்டும்.

தங்கூசிக்கு முனையில் குண்டு கிடையாது. தூண்டில் முள்ளுக்குப் போடுகிற மாதிரி ஐந்து சுற்றுச் சுற்றி, சிறு பித்தளை வாஷரில் முடிந்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். வறண்ட முடிச்சு உரசலில் சூடாகி அந்த இடத்திலேயே அறும். கீ தண்டில் குறைந்தது நாலு சுற்றாவது சுற்ற வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். முதல் மூன்று நாலு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நைலான் நீண்டு அடங்குகிற காலம் அது. கீ கெட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

தங்கூசிக்குப் போல்ட் குதிரை ஒத்துவராது. 8 மி.மீ. போல்டின் எடையை அசைக்க எஃகுக் கம்பிக்குத் தெம்பு உண்டு, நைலானுக்கு இல்லை. ஒலி பெட்டிக்கே போய்ச்சேராது. சீமைக்கருவேலம் உங்கள் பக்கம் வேலியெல்லாம் கிடக்கும். நன்றாகக் காய்ந்த, விரல் கனத் துண்டு ஒன்றை 8 மி.மீ. உயரம், 5 மி.மீ. அடி அகலம், மேலே 2 மி.மீ. விளிம்பு வரும்படி அராவுங்கள். அந்த மரம் நேராக நீளமாகக் கிடைப்பதில்லை என்பதால்தான் கழுத்துக்கு ஆகாது. கெட்டியும் ஈரத்துக்கு அசையாத தன்மையும் இருப்பதால் குதிரைக்கு அருமை. மூடியையும் 3 மி.மீ. ஆக்குங்கள், அப்போது குதிரை 9 மி.மீ. உயரம்.

ஸ்லைடு வாசிப்பதானால் மட்டும் எஃகுதான். தங்கூசி இளக்கமானது, குழாயின் எடைக்கே அமுங்கும்.

பாம்பன் இளையவன்

சுருதி காக்கா, அண்ணே, கணக்கோட சொன்னதுக்கு நன்றி. தங்கூசிதான் போடப் போறேன், விரலால வாசிக்கத்தான். அப்போ மெட்டு வேணும். மெட்டுக்கம்பி இங்கே கிடைக்காது. வரவழைச்சா பட்ஜெட் தாண்டுது. வேற வழி?

தேவிபட்டினம் மெட்டு

600 மி.மீ.க்கு மேல்குதிரையிலிருந்து மெட்டு தூரம், மி.மீ.யில்:

33.7, 65.5, 95.5, 123.8, 150.5, 175.7, 199.5, 222.0, 243.2, 263.3, 282.2, 300.0

எல்லாத் தூரத்தையும் மேல்குதிரையிலிருந்தே அளக்கணும். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு என்று அளந்தால் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. பிசகு சேர்ந்து பன்னிரண்டாவதில் காது கூசும். ஸ்டீல் ஸ்கேலை நகர்த்தாமல் ஒரே தடவையில் பன்னிரண்டு புள்ளியும் வையுங்கள், பென்சிலால் இல்லை, கத்தி நுனியால். வேறு நீளம் வைத்தால் மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போங்கள், முந்தைய மெட்டிலிருந்து அடுத்த மெட்டின் தூரம் வரும், அதைக் கூட்டிக்கொண்டே போய் மேல்குதிரையிலிருந்து அளங்கள்.

மெட்டுக்குத் தங்கூசியே போதும். 1 மி.மீ. தங்கூசியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டுவது. சித்தாரில் மெட்டை நூலால் கட்டுகிற மாதிரி, பழைய ஐரோப்பிய லூட்டில் குடல்நரம்பைச் சுற்றிக் கட்டிய மாதிரி. பெரிய வசதி, சுருதி பிசகினால் மெட்டையே நகர்த்திக்கொள்ளலாம். கழுத்தின் கூர் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே அறும்.

ஒரு நுணுக்கம். கழுத்து முழுக்க ஒரே அகலமாக இருந்தால் கட்டு தொளதொளக்கும். மேல்குதிரைப் பக்கம் 35 மி.மீ.ஆகவும் பெட்டிப் பக்கம் 38ஆகவும் கழுத்தைச் சற்றே கூம்பலாக அராவுங்கள். மெட்டு நிற்கவேண்டிய இடத்துக்கு இரண்டு செ.மீ. முன்னால், ஒடுங்கிய பக்கத்தில் குறட்டால் இழுத்து முடிந்துவிட்டு, அகன்ற பக்கமாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். நகர நகரத் தானே இறுகும். முடிச்சு தடித்த கம்பி ஓடும் பக்கத்து ஓரத்தில் வரட்டும். மிச்ச முனையைத் தீக்குச்சியால் உருக்கிக் குமிழாக்குங்கள்.

மேல்குதிரை 6 மி.மீ. உயரத்தில் இருந்தால் மெட்டு பயன்படாது. கம்பியை அழுத்தும்போதே அது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். மேல்குதிரையையும் சீமைக்கருவேலத்தில் செய்து, கம்பி விரல்பலகைக்கு ஒன்றரை மி.மீ. மேலே ஓடும்படி பள்ளம் அராவுங்கள். குதிரை அதே உயரத்தில் இருக்கட்டும், பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே ஏறக்குறைய இரண்டே முக்கால் மி.மீ. இடைவெளி நிற்கும். கம்பியை ஏதாவது மெட்டில் அழுத்தி மீட்டும்போது 'ஸ்ஸ்' என்று இரைந்தால், அதற்குக் கீழே பெட்டிப் பக்கம் உள்ள மெட்டு உயர்ந்திருக்கிறது என்று பொருள்.

பன்னிரண்டு மெட்டும் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. 2, 4, 7, 9, 12 என்று ஐந்தே ஐந்து கட்டினால் ச கம்பியில் மோகனம் அப்படியே வந்துவிடும். 65.5ல் ரி, 123.8ல் க, 199.5ல் ப, 243.2ல் த, 300ல் மேல் ச. நடுக் கம்பியில் நாலாம் மெட்டு மட்டும் நிஷாதம் பேசும், அங்கே விரலை வைக்காமல் தாண்டவேண்டும். பிறகு 5, 11 இரண்டையும் சேர்த்தால் சங்கராபரணம். கட்டுமெட்டில் இதெல்லாம் ஒரு மாலை வேலை.

எஃகுக் கம்பி போடுபவர்களுக்குத் தங்கூசி மெட்டு கூடாது, கம்பி அதில் பள்ளம் பறித்துவிடும். அவர்கள் சைக்கிள் ஸ்போக் கம்பியை வெட்டி, முக்கோண அரத்தால் அரைப்பங்கு ஆழப் பள்ளம் எடுத்துப் பதித்து, சூப்பர் குளூ ஒரு சொட்டு விடலாம். ஸ்போக் 2 மி.மீ., பாதி வெளியே நிற்கும். மெட்டுக்கம்பி கிடைத்து ஹாக்ஸாவால் காடி வெட்டினால் காடி அகன்று கம்பி பிடிக்காது. பிளேடின் பல் சாய்வை இரண்டு பக்கமும் சாணைக்கல்லில் தேய்த்துக் குறைத்துவிட்டு வெட்டுங்கள்.

மண்டபம் ஒயர்மேன்

ஒலிபெருக்கியில் (ஆம்ப்ளிஃபயர்) போடும் எண்ணம் இருந்தால் மூடியை ஒட்டாமல் எட்டுச் சின்ன ஸ்டெயின்லெஸ் திருகாணியில் மாட்டுங்கள். அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மி.மீ. பீசோ வில்லை ஒன்றும், 6.35 மி.மீ. மோனோ ஜாக் ஒன்றும் போதும். காந்த பிக்கப் நைலானுக்கு வேலை செய்யாது, பீசோ செய்யும்.

ஒயர் பற்றவைத்தே வரும் வில்லையை வாங்குங்கள். நடு வெள்ளிப்பூச்சில் சோல்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்துபோகும். நடுவிலிருந்து வரும் சிவப்பு ஜாக்கின் நுனிக் காலுக்கு, பித்தளையிலிருந்து வரும் கறுப்பு வெளிக் காலுக்கு. மாறினால் இரைச்சல் கூடும். வில்லையைக் குதிரைக்கு நேர் அடியில் ஒட்டாமல் தடித்த கம்பிப் பக்கமாக 2 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். நேர் அடியில் வைத்தால் விரல் படும் ஒவ்வொரு தட்டும் இடிபோல வரும். ஒட்டியபின் மேலே ஹாட் குளூ மூடிவிட்டால் கூச்சலும் குறையும், உப்பு ஈரம் பித்தளையைப் பச்சை பிடிக்க வைப்பதும் தள்ளிப்போகும்.

டிவி ஸ்பீக்கரில் நேராகச் செருகினால் தகரம் மாதிரி கேட்கும். வில்லையின் மேல் குறை இல்லை. பீசோவுக்கு ஒரு மெகா ஓம் அளவு உள்வாங்கும் தடை கொண்ட கிட்டார் பெருக்கி வேண்டும்.

பாம்பன் இளையவன்

எல்லாருக்கும் நன்றி. பெட்டியில ஓட்டை எத்தனை, எங்கே? கோந்தும் பூச்சும் என்ன வாங்கணும்? ஐப்பசிக்கு முன்னால முடிச்சிடலாம்னு பார்க்கிறேன்.

உச்சிப்புளி தச்சன்

ஓட்டை 25 மி.மீ.ல இரண்டு, கழுத்து நுழையுற பக்கத்து இரண்டு மூலையிலும், விளிம்புலேர்ந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி. குதிரைப் பக்கம் போடாதே, மூடி அங்கேதான் அசையணும். துளை போடுறப்ப அடியில ஒரு வெத்துப் பலகையை அண்டை கொடு, இல்லைன்னா பிளைவுட் பின்பக்கம் சிலும்பி உடையும்.

கோந்து ஃபெவிகால் மரைன். சாதா வெள்ளைக் கோந்து ஈரத்துல இளகும். இருபத்துநாலு மணி நேரம் இறுக்கிக் கட்டி வை. கிளாம்ப் இல்லைன்னா சைக்கிள் டியூபை நாடாவா வெட்டி இறுகச் சுத்து, அது போதும். பூச்சுக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரக்காத்துல வெளுத்துப் பூஞ்சை பிடிச்ச மாதிரி ஆகும். பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மெல்லிசா இரண்டு கை, வெயில் காஞ்ச நாள்ல மத்தியானத்துக்குள்ள. பெட்டியோட உள்பக்கமும் கழுத்து வெட்டின முனைகளும் மறந்துடாதே, ஈரம் ஏறுறது அந்த வழியாத்தான். மூடியில கனமாப் பூசினா சத்தம் அடங்கும்.

கம்பி கட்டி நாலு நாள் கழிச்சு, நைலான் நீளுறது அடங்கினதும், குதிரையை நிறுத்து. பன்னிரண்டாம் மெட்டு மேல கம்பியை லேசாத் தொட்டு மீட்டினா மணி மாதிரி ஒரு சுரம் வரும். அதே மெட்டுல அழுத்தி மீட்டு. அழுத்தினது ஏறிக் கேட்டா குதிரையை வால் பக்கம் ஒரு மி.மீ. தள்ளு, இறங்கிக் கேட்டா கழுத்துப் பக்கம். தடிச்ச கம்பிப் பக்கம் இரண்டு மூணு மி.மீ. கூடப் பின்னால போய், குதிரை கொஞ்சம் சாய்வா நிக்கும். அது சரிதான். நின்ன இடத்தைச் சுத்திக் கத்தி நுனியால மெல்லிசா ஒரு கோடு போட்டு வை. கம்பி மாத்துறப்ப மூணையும் ஒண்ணாக் கழட்டாம ஒவ்வொண்ணா மாத்து.

கீழக்கரை சுருதி

அண்ணன் பூச்சு சொன்னார், கீயை விட்டுவிட்டார். பல்சக்கரம் வெளியே தெரிகிற கீ வாங்கினால் மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தங்கூசி துருப்பிடிக்காது, அதை முறுக்குகிற திருகு பிடிக்கும்.

பாம்பன் இளையவன்

சரி காக்கா. மூடப்பட்ட கீ கிடைக்குதான்னு பார்க்கிறேன். ரீப்பர் நாளைக்கு எடுத்துடுவேன், இரண்டு வாரம் வீட்டுக்குள்ள கிடத்தியாச்சுன்னா குறி பார்த்துட்டு இங்கேயே படம் போடுறேன்.